ஓரகத்தியின் சோப்பு ஆயில்

ஒரு வருஷம் முழுக்க எங்கள் மாடிப்படியில் பத்து பாட்டில் வரிசையாக நிற்கும். உள்ளே நீல நிற சோப்பு ஆயில். பாட்டிலுக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரியும், அவ்வளவு தெளிவு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கலக்கியவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனாரின் மனைவி. காலடிப்பேட்டையில் ஒரே வீடு. நாங்கள் கீழே, அவர்கள் மாடியில்.

துணி துவைக்கும் சோப்பு ஆயிலை இந்தத் தெருவில் முதலில் விற்றது நான்தான். மகளிர் குழுவில் கற்றுக்கொடுத்தார்கள். நுரைக்கு ஒரு ஜெல், அழுக்கு எடுக்க சிலரி என்ற கறுப்புக் குழம்பு, அதன் அமிலத்தை அடக்க சோடா, கெட்டியாக்க உப்பு, கடைசியில் சென்ட்டும் கலரும். அந்தப் பயிற்சிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அந்தப் புத்தியை நினைத்தால் இன்றும் என்னையே அடித்துக்கொள்ளத் தோன்றும்.

என்னுடையது கலக்கிய அன்று நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் கழுநீர் மாதிரி கலங்கி, அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். குலுக்கி ஊற்றுங்கள் என்று சொல்லிச் சொல்லியே விற்றேன். மீன் விற்கும் பெண்கள்தான் என் வாடிக்கை. ஒவ்வொருத்தியாக என் வாசலைத் தாண்டி மாடி ஏற ஆரம்பித்தார்கள். ஒருத்தி நேராகவே சொன்னாள்: "தப்பா நென்ச்சிக்காத. உன்னுது கலீஜா கீது. அவுளுது கண்ணாடி கணக்கா கீதும்மே."

என் வீட்டுக்காரரும் துறைமுகத்தில் கிரீஸ் பட்ட சட்டையை எனக்குத் தெரியாமல் மாடியில் ஊறவைத்தார். தெரிந்த அன்று சோறு மட்டும் போட்டேன், குழம்பு ஊற்றவில்லை.

அவள் ஏதோ பவுடரை மறைத்துப் போடுகிறாள் என்று முடிவு கட்டினேன். பாரிமுனை கெமிக்கல் கடையில் துருவித் துருவிக் கேட்டேன். நான் வாங்குவதைத்தான் அவளும் வாங்குகிறாளாம். ஒரு நாள் துணி காயவைக்கும் சாக்கில் மாடிக்குப் போய் நின்றேன். அவள் எதையும் மறைக்கவில்லை. குடிக்கிற மெட்ரோ தண்ணியைக் குடம் குடமாக டிரம்மில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் போர் தண்ணி உப்பு. அதில் பருப்பு வேகாது. மெட்ரோ தண்ணி அடிபம்பில் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அடித்து அடித்துத் தோள்பட்டை கழன்றுவிடும். அதைக் கொண்டுபோய் சோப்புக்கு ஊற்ற இந்தத் தெருவில் யாருக்கும் மனசு வராது. எனக்கும் வரவில்லை. உப்புத் தண்ணியில் கலக்கி, அதற்கு மேல் பயிற்சிக் காகிதத்தில் எழுதியிருந்த உப்பையும் கொட்டியிருக்கிறேன்.

"குடிக்கிற தண்ணிய இதுல ஊத்துறியே?" என்றேன்.

"போரு தண்ணில ஒரு வாட்டி போட்டேன்க்கா, திரிஞ்சி பூட்ச்சி. நீயும் இத்தையே ஊத்து. உப்ப கரைச்சி கொஞ்சம் கொஞ்சமா வுடு. கெட்டியானா நிறுத்திடு."

ஒரு வருஷமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டதை, கேட்டவுடன் சொல்லிவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அந்த வாரம் மீன்காரப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவளிடம் ஐம்பது பாட்டில் கேட்டிருந்தார்கள். அது நல்லபடியாகப் போனால் என்னிடம் மிச்சமிருந்த நாலு பேரும் மாடி ஏறிவிடுவார்கள். கலக்க வேண்டிய நாளில் அவள் விடியற்காலையிலேயே மாதவரத்தில் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினாள். "டிரம்முக்கு நாலு கொடம் அட்ச்சி வையிக்கா, வந்து கலந்துக்கிறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். என் குடங்களுக்குப் பம்பில் அடித்தேன். அவளுடைய நாலையும் போர் குழாயில் பிடித்து மூடி வைத்தேன். கை கூசவில்லை. தோள்வலி மிச்சம் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஐம்பது பாட்டிலும் கலங்கித் திரும்பி வந்தன. அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

"உனுக்குத்தான் இது பழக்கம். இப்டி ஆனா இன்னா பண்ணுவ?"

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. நிஜமாகத்தான் கேட்கிறாள். "ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். தண்ணியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. என்மேல் சந்தேகம் என்று ஒன்று அவளுக்கு வரவே இல்லை. "என் கைராசி அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போய், டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

இப்போது நான் மெட்ரோ தண்ணியில்தான் கலக்குகிறேன். மாசக்கணக்கில் வைத்தாலும் கலங்குவதில்லை. பழைய வாடிக்கை முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் மாடி ஏறுகிறவர்களை அவளே கீழே அனுப்புகிறாள். "அக்காகிட்ட வாங்கு. நான் போட்டத்தவிட சூப்பரா கீது" என்று படியில் அவள் குரல் கேட்கும். மனசாரத்தான் சொல்கிறாள். அவள் பாட்டில் தெளிவாக நின்ற அந்த வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எனக்குப் பொறாமை அந்தக் குரல் மேல்தான்.