மிளகாய்க்குக் குடியுரிமை

பிரான்சில், ஈழத்தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் பதினைந்து ஆண்டுகளாகச் சமைத்துவரும் தாட்சாயினிக்கு 2014 பொங்கல் விருந்து ஒரு பரீட்சை. அது பிடித்துப்போனால் அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு முழுச் சமையலும் அவளுக்குத்தான். தலைவர் குலசேகரம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: நல்லூர்க் கோயிலை இடித்த போர்த்துக்கேயன் கொண்டுவந்த எதுவும் இலையில் இருக்கக்கூடாது.

தாட்சாயினி சொன்னதைச் செய்பவள். நூலகத்துக்கே போய்ப் படித்தாள். தக்காளி போனது, உருளைக்கிழங்கு போனது, கடைசியில் மிளகாயும் போனது. உறைப்புக்கு மிளகுதான் மிஞ்சியது.

பந்தியில் இரண்டாவது கவளத்திலேயே முணுமுணுப்புக் கிளம்பியது. குலசேகரம் அவள் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தார்.

"பிள்ளை, மிளகாய் இடிச்ச சம்பல் எங்கை? ஆசுப்பத்திரிச் சாப்பாடெண்டு சனம் சொல்லுது."

"செத்தல் மிளகாயைப் போர்த்துக்கேயன்தான் கொண்டுவந்தவன், அண்ணை. நீங்கள்தானே வேண்டாமெண்டனீங்கள்."

தலைவர் உரலை இழுத்து அவள் முன் வைத்தார்.

"அஞ்சு வருசம் இருந்தவைக்கே பிரான்சுக்காரன் நசனாலித்தே எண்டு குடியுரிமை குடுக்கிறான். நானூறு வருசம் எங்களோடை இருந்த மிளகாய்க்கு நாங்கள் குடுக்கமாட்டமோ? கெதியா இடி."

சம்பல் வந்ததும் பந்தி களைகட்டியது. ஆண்டுச் சமையல் தாட்சாயினிக்கே என்று அறிவித்த தலைவர், போர்த்துக்கேயர் வருமுன் நம் முன்னோர் உண்ட உணவு இதுவென்று சம்பலைப் புகழ்ந்தார். அவள் முதல் ஆளாகக் கைதட்டினாள்.