மஞ்சள் சுங்குடியும் எட்டு முனை நட்சத்திரமும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மனைவியின் ஐந்து நூல் சேலைகளை அவளுக்குத் தெரியாமல் க்ளோசெட்டிலிருந்து உருவிக்கொண்டுபோய், முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம் கொடுத்து, வெட்டச் சொன்ன ஆள் நான்தான். அது போதாதென்று, மஞ்சள் சுங்குடி ஒன்றைக் கையில் எடுத்து, "இதை நடுவில் வையுங்கள், எடுப்பாக இருக்கும்" என்று ஆலோசனை வேறு. மயில்கழுத்து நிறத்துக்கும் மை நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு அன்றைக்கென்று பார்த்து அழகுணர்ச்சி பொங்கிவிட்டது.

காரணம், எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். இதுவரை நான் கொடுத்த பரிசுகள் எல்லாவற்றுக்கும் ஒரு ப்ளக் இருந்தது. தானாக வீடு பெருக்கும் இயந்திரம், எண்ணெயில்லாமல் பொரிக்கும் அடுப்பு, இப்படி. இந்த முறை ப்ளக் இல்லாத பரிசு என்று முடிவு செய்தேன். ப்ளக் இல்லையென்றால், மின்சாரமே வேண்டாமென்று வாழும் ஆமிஷ்காரர்கள்தானே. நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் எடிசனிலிருந்து இரண்டரை மணி நேரம் ஓட்டினால் பென்சில்வேனியாவில் அவர்களுடைய பண்ணைகள் வந்துவிடும். நான் சேலைகளைக் கொடுத்த அம்மா அங்கே தன் வீட்டு முன்னறையில் துண்டுத் துணிகளை இணைத்து குவில்ட் போர்வை தைப்பவர். அவர்கள் தங்களுக்கென்று தைத்தால் பூவில்லாத, புள்ளியில்லாத வெறும் நிறங்கள்தான். சுங்குடியின் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வாடிக்கையாளருக்கு என்றால் புள்ளியும் தைப்பேன்" என்றார். எட்டு முனை நட்சத்திர டிசைன் என்று பேசி முடித்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மனைவி போனைப் பிடித்தபடி சமையலறையில் அப்படியே நின்றாள். டெக்சஸில், ரவுண்ட் ராக்கில் இருக்கும் அவள் தங்கையிடமிருந்து மெசேஜ். விசிட்டர் விசாவில் வந்த அம்மா யார் வீட்டில் நாலு மாதம், யார் வீட்டில் இரண்டு மாதம் என்று கிளம்பிய சண்டையில், அக்காவும் தங்கையும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மெசேஜை அவள் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். "அடுத்த வாரம் சனிக்கிழமை வர்றேன். மதுரைல ஜோடியா எடுத்த மஞ்சள் சுங்குடி வச்சிருக்கியா? நானும் அதையே கட்டிட்டு வர்றேன்."

"ஏங்க, எந்தப் பெட்டில வச்சேன் அதை?"

"ட்ரையர்ல பாரேன்" என்றேன். நூல் சேலையை ட்ரையரில் போடும் வழக்கம் எங்கள் வீட்டிலேயே கிடையாது.

வீடு முழுக்க அவள் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்துத் தேட, நான் கராஜுக்குள் ஒளிந்து குவில்ட் அம்மாவுக்கு போன் செய்தேன். அவர்கள் வீட்டுக்குள் போன் கிடையாது. வயலோரத்தில் ஒரு மரக்கூண்டு, அதற்குள் ஒரு போன், அதில் நம் குரலைப் பதிவு செய்துவிட்டு வைக்க வேண்டியதுதான். எடுத்த எடுப்பில் "வெட்டாதீர்கள்" என்று சொல்வது மரியாதையாக இருக்குமா? நலம் விசாரித்து, மழை விசாரித்து, குதிரையை விசாரித்து, விஷயத்துக்கு வருவதற்குள் பீப் என்று கட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஏழு முறை பேசினேன். ஏழு முறையும் குதிரை வரைக்கும்தான் போக முடிந்தது.

லீவு போட்டு நேரில் போகலாமென்றால் ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ். மீட்டிங்கில் என் கால் தானாக ஆடி, மேஜையும் ஆடி, பக்கத்து ஆள் காபியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை காலை, ஆணி வாங்க ஹோம் டிப்போ போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியில் என் கைக்கடிகாரம், நாடித்துடிப்பை வைத்து நான் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து, உடற்பயிற்சியைக் கணக்கில் சேர்க்கட்டுமா என்று கேட்டது. பண்ணைக்கு இரண்டு மைல் முன்பு ஒரு குதிரை வண்டி. தாண்டிப் போக இடமில்லை. குதிரையின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிஷம் ஊர்ந்தேன்.

கேட்டில் 'ஞாயிறு வியாபாரம் இல்லை' என்ற பலகை. நல்லவேளை, இன்று சனி என்று உள்ளே ஓடினேன். நாலு பெண்கள் ஒரு பெரிய மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, யாருடையதோ ஒரு நீலக் குவில்ட்டில் அரிசி அளவுத் தையலாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க ஏழு முறை கூப்பிட்டீர்கள். நன்றாக இருக்கிறேன். குதிரையும்."

"என் சேலைகள்?"

ஓரத்து மேஜையைக் காட்டினார். நாலு சேலைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஐந்தாவது, சாய்சதுரம் சாய்சதுரமாக, சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. நட்சத்திரத்தை நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டுமாம். நடுவில் எது என்று நான்தான் சொல்லியிருந்தேனே.

"இதைத் திரும்ப ஒட்டித் தைத்தால் பழையபடி சேலை ஆகுமா?" என்று கேட்டேன். நாலு ஊசிகளும் ஒரே சமயத்தில் நின்றன.

"உங்கள் மனைவியைக் கேட்காமலா கொண்டுவந்தீர்கள்?"

நான் கூரையைப் பார்த்தேன். அவர் துண்டுகளை ஒரு காகிதப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். அந்த நாலு ஜோடிக் கண்களிடமிருந்து தப்பித்தால் போதுமென்று பையோடு ஓடிவந்துவிட்டேன்.

வீடு வந்து சேரும்வரை ஒன்பது பொய்களை ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. பையை டைனிங் டேபிளில் கவிழ்த்து உண்மையைச் சொன்னேன். அவள் ஒரு துண்டை எடுத்து, சிவப்புக் கரையைத் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டு பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் ஹாலில் நடந்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அப்புறம் கதவில் காதை வைத்தேன்.

"இல்லடி, தொலைக்கல... வெட்டிட்டாரு... ஆமா, உங்க அத்தான்தான், வேற யாரு... அக்கா மேல சத்தியமா! சதுரமாக் கூட இல்லடி, கோணலா... அந்தம்மாட்ட ஏழு வாட்டி குதிரை சௌக்கியமான்னு கேட்டிருக்காரு..."

அதற்குமேல் இருவரும் பேசவில்லை, சிரித்தார்கள். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். ஸ்பீக்கரில் கொழுந்தியாள் இருமுவது வரை கேட்டது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. காபி போட்டு எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

"பாத்தியா, சேலையை வெட்டினாலும் உங்களை ஒட்ட வச்சிட்டேன்ல?"

அவள் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். கண்ணில் சிரித்த ஈரம் இன்னும் இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

"அஞ்சு சேலைன்னு சொன்னீங்க. மத்த நாலு எங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. "அங்கயே... மேஜை மேல. நாளைக்கே போயிருவேன், ஆனா ஞாயித்துக்கிழமை பாரு, அவங்க விக்க மாட்டாங்க."

"விக்கத்தானே மாட்டாங்க, திருப்பிக் குடுப்பாங்க, போங்க."