வரிக்குப் பயந்த வீடுகள்

என் கல்யாணத்தைக் குழப்பியது ஜாதகம் இல்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு அது கிடையாது. குழப்பியது முனிசிபாலிட்டி.

ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்த கதை இது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் கருங்கல் சாக்கடை வந்தது, மூலையில் மண்ணெண்ணெய் விளக்குக் கம்பம் வந்தது, பின்னாலேயே வரியும் வந்தது. தெரு சீர்பட்டுவிட்டதாம், இனிமேல் வீடுகளை வாடகைக்கு விட்டால் முன்னைவிட அதிகம் கிடைக்குமாம். அவர்களாகவே ஒரு மதிப்புப் போட்டு, அதற்கேற்ப வரியை ஏற்றி, வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆட்சேபணை இருந்தால் அப்பீல் எழுதிக் கொடுக்கலாம். அதிகாரி நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார், அதன்பிறகு ஆபீசில் விசாரணை.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். எதையும் சும்மா விடத் தெரியாத மனுஷர். பிரசங்கம் முடிந்து பாதிரி ஐயர் அங்கியைக் கழற்றுவதற்குள் அவர் முன்னால் போய் நின்று, சொன்ன வசனம் பிசகு என்பார். 'ஆட்சேபணை இருந்தால்' என்பதைப் படித்ததும் அவர் முகத்தில் வந்த களையை நான் கிறிஸ்துமஸ் அன்றுகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கே இங்கிலீஷில் அப்பீல் எழுத உட்கார்ந்துவிட்டார். சாக்கடை எங்கள் வீட்டு நடையைவிட உயரம், மழை பெய்தால் தண்ணீர் உள்ளேதான் வரும். விளக்கு வெளிச்சமோ எதிர்வீட்டோடு நின்றுவிடுகிறது. இதுவரைக்கும் உண்மை. கூரை ஒழுகுகிறது, சுவர் விழக் காத்திருக்கிறது என்பதெல்லாம் கலப்படமில்லாத பொய்.

எதிர்வீட்டு அரிசிக்கடை அண்ணாச்சிக்கு அது போதவில்லை.

"சார்வாள், நீரு இங்கிலீசுல எழுதுனாப் போதுமா வே? வாறவன் வீட்டைல்லா பாப்பான்! வீட்டைப் பைய நோயாளியாக்கிப் போடும்."

தெருவே நோயில் விழுந்தது. அப்பா ஏணி வைத்து ஏறி, ஒரு பக்கத்து ஓடுகளை இறக்கிவிட்டு அங்கே பனையோலையைச் செருகினார். சுண்ணாம்புச் சுவரில் அடுப்புக்கரியைப் பூசினார். அம்மாவின் பித்தளைப் பாத்திரங்களும் ஆர்மோனியமும் தேக்கு அலமாரியும் மாமா வீட்டுக்குப் போயின. மாமா தெருவுக்கு இன்னும் சாக்கடை வராததால் வரிப் பயமும் இல்லை. முன்கூடத்தில் அப்பா ஓர் ஆட்டைக் கொண்டுவந்து கட்டினார்.

அதிகாரிதான் வரவில்லை. இன்று வருவார் என்றார்கள், நாளை என்றார்கள். தெருவில் குதிரைவண்டிச் சத்தம் கேட்டால் அப்பா எழுந்து ஆட்டை இழுத்து வாசலுக்கு நேரே நிறுத்துவார். வண்டி போய்விடும், உட்காருவார், உடனே மறுபடியும் எழுந்திருப்பார். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவரைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் கொள்ளவில்லை. ஒரு நாள் சாரல் அடித்து, ஓலை வழியாகத் தண்ணீர் சொட்டி, பொய்யாக எழுதிய ஒழுக்கு மெய்யாகிவிட்டது. என் பாமாலைப் புஸ்தகத்தின் ஓரத்தை ஆடு தின்றது. அம்மா யாரிடமும் நல்லபடியாகப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

என் தவிப்பு வேறு. தூத்துக்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் கிளார்க்கு. அவரை நான் முந்தின வருஷம் கோயில் விருந்தான அசனப் பண்டிகையில் பார்த்திருந்தேன். பந்தியில் பரிமாறிக்கொண்டே வந்தவர், என் இலைக்கு வந்ததும் சோற்றைப் பாதி இலையிலும் பாதி தரையிலும் போட்டுவிட்டு முகம் சிவந்து போனார். அந்த முகம் எனக்குப் பிடித்துப்போயிற்று. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணினேன். இது தவறினால் அடுத்தபடியாக, மனைவியை இழந்த ஒரு கோயில் உபதேசியார் தயாராக இருந்தார். அவர் வயதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நரைத்த தாடியை நானே பார்த்திருந்தேன்.

சனிக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று அவர்களிடமிருந்து செய்தி வந்தது.

"இன்னைக்கே ஓடெல்லாம் மாட்டுங்க. ஆட்டை அவுத்து விடுங்க" என்றாள் அம்மா.

"அதிகாரி சனிக்கிழமையே வந்துட்டா?"

"வரட்டும். இந்தக் குப்பையைப் பாத்து எவன் பொண்ணெடுப்பான்?"

"அவிய பொண்ணைத்தானே பாக்க வாறாவ, வீட்டையா பாக்க வாறாவ?" என்றார் அப்பா. பெண்ணைப் பெற்ற எந்த மனுஷன் வாயிலிருந்தும் அப்படியொரு முட்டாள்தனம் வந்து நான் கேட்டதில்லை.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கருப்பட்டி வியாபாரி, கனத்த உடம்பு. கிழிந்த பாயில் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே நின்ற ஆட்டைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா கூரையில் ஓலை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் காப்பித் தம்ளர்களோடு நின்ற எனக்கு உபதேசியாரின் தாடி கண்முன் வந்தது.

அப்பாவால் அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி, தப்பா நெனச்சிராதிய. இது பூராவும் வேசம்" என்று தொடங்கி, நோட்டீசையும் அப்பீலையும் விளக்கி, கரியைச் சுரண்டி அடியில் இருந்த சுண்ணாம்பைக் காட்டினார். சாமான்கள் மாமா வீட்டில் இருப்பதையும் சொன்னார்.

வியாபாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்க ஊர்லயும் ரோட்டைப் போட்டுட்டு வரியை ஏத்திட்டான். நானும் அப்பீல் போட்டிருக்கேம்லா!"

"அப்படிச் சொல்லும்! பாம்பின் கால் பாம்பறியும்" என்று அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு இருவரும் முனிசிபாலிட்டியைத் திட்டித் தீர்த்தார்கள். என்னை ஒரு பாட்டுப் பாடச் சொல்லக்கூட யாருக்கும் நேரமில்லை. போகும்போது, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். எங்கே பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஒருவழியாக அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஆபீசில் விசாரணை. அங்கே நடந்ததை அப்பா வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினார். தன் வீட்டில் பாம்பு இருக்கிறது என்றாராம் அரிசிக்கடை அண்ணாச்சி. அவருக்குப் பின்னால் நின்றவர் தன் வீட்டில் இரண்டு இருக்கிறது என்றாராம். "இவ்வளவு மோசமான வீட்டில் நீர் ஏன் குடியிருக்கிறீர்?" என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். "வாடகைக்கு ஒருத்தனும் வர மாட்டேங்கான், அதனால நானே இருக்கேன்" என்றாராம். எல்லோரும் சிரித்து, வரியையும் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள். ஓடு கூரைக்குத் திரும்பியது, ஆடு சந்தைக்குப் போனது.

அந்தச் சந்தோஷத்தோடு அப்பா ரயிலேறித் தூத்துக்குடிக்குப் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏளா, என்ன வேல தெரியுமா! நாம செஞ்சதெல்லாம் சின்னப்பிள்ளை வெளையாட்டு. கூரையில பாதி ஓலை. நடையில ஆடு. சொவரு முழுக்க உப்புப் பூத்தாப்புல ஆக்கியிருக்காவ. அது எப்படின்னு கேக்க வாயெடுத்தேன், மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

அம்மா யோசித்தாள். "எவ்வளவு வேசம் போட்டாலும் உள்ள ஒரு நல்ல அண்டாவாவது இருக்குமே. இருந்துச்சா?"

"அதை அவிய மச்சினன் வீட்டுல குடுத்து வச்சிருப்பாவ. நீ குடுக்கலியா?"

அதோடு அம்மா சமாதானமாகிவிட்டாள். எனக்கும் சந்தேகம் வரவில்லை. நல்ல வீட்டைக் கெட்ட வீடாக்குவதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேனே. கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தார்கள். யாருக்காவது தடை உண்டா என்று ஐயர் கேட்டபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அப்பா வாயை மூடிக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போனேன். நடையில் ஆடு நின்றது. அதிகாரி வந்து போனதும் அவிழ்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பாத்திரமெல்லாம் யார் வீட்டுக்கோ போயிருப்பது போலிருந்தது, திரும்பி வரும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்தேன். யாராவது கோட்டுப் போட்டவர் தெருவில் வந்தால் எழுந்து நிற்பேன். அப்பாவின் நிலைகொள்ளாமை எனக்கும் சீதனமாக வந்திருந்தது. ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்தபோது படுத்த இடமெல்லாம் நனைந்தது. அதற்கு மேல் பொறுக்காமல் என் புருஷனிடமே கேட்டேன்.

"அதிகாரி எப்பத்தான் வருவாரு?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "அவரு வந்து பாத்து, வரியும் குறைச்சாச்சே. உங்கப்பா இங்கன வாறதுக்கு முந்தியே."

"பின்ன இந்தக் கூரை?"

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பந்தியில் சிவந்த அதே முகம், இப்போது கறுத்துப்போயிற்று. "இதுதான் வீடு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் யார்மேல் காட்டுவது? என் மாமனார் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அப்பீல் போட்டிருக்கிறேன் என்றார், போட்டிருந்தார். கூரை ஒழுகுகிறது என்று எழுதினார், ஒழுகியது. இந்த ஜில்லாவிலேயே அந்த வருஷம் உண்மையை எழுதிய அப்பீல் அது ஒன்றாகத்தான் இருக்கும். என் புருஷன்மேலும் கோபப்பட முடியவில்லை. ஒழுகாத மூலையில் என்னைப் படுக்கவைத்துவிட்டு ஈரத்தில் சுருண்டு கிடந்த மனுஷர் அவர். மிச்சம் இருந்தது அப்பாதான். பெண்ணைக் கொடுக்கும் முன் சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கக் கூடாதா, ஊரில் எல்லாரும் உம்மைப் போலத்தான் இருப்பார்களா என்று கேட்க நாட்கணக்கில் வார்த்தைகளைச் சேர்த்துவைத்தேன்.

கார்த்திகை மழையில் சொல்லாமல் கொள்ளாமல் அவரே வந்து நின்றார். மாமனார் பதறிப்போய் நாற்காலியை எடுத்துப் போட்டார். அதன்மேல் சொட்டியது. நகர்த்திப் போட்டார், அங்கேயும் சொட்டியது. அப்பா கூரையைப் பார்த்தார். தரையில் வைத்திருந்த சட்டிகளைப் பார்த்தார். சுவரை விரலால் தொட்டு, விரலில் ஒட்டிய உப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏட்டி, அதிகாரி இன்னும் வரலியோ?" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். என் புருஷன் வாசற்படியில் அசையாமல் நின்றார். சேர்த்துவைத்த வார்த்தைகளெல்லாம் தொண்டைவரை வந்தன.

"இன்னும் வரலைப்பா. இன்னைக்கு வாறேன், நாளைக்கு வாறேன்னு சொல்லிக்கிட்டே இருக்காவ" என்றேன்.

"அவனுவ அப்படித்தான்" என்று சொல்லி அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை முனிசிபாலிட்டிக்காரர்களை உரக்கத் திட்டினார். மாமனாரும் தலை நிமிர்ந்து, கூடச் சேர்ந்து திட்டினார்.

தெருமுனைவரை நான் கூடப் போனேன். மழை விடவில்லை. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆபீசுல அத்தனை பேருக்கு முன்னால நின்னு நானும்தான் பொய் சொன்னேன். உன்ன மாதிரிச் சொல்ல எனக்கு வரல, ஏட்டி."

என் தலையில் ஒரு தடவை கையை வைத்தார். பிறகு ரயிலடியைப் பார்த்து வேகமாக நடந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அழாதவள், அந்தத் தெருவில் நின்று அழுதேன்.