ஏழாவது பாட்டின் கடைசி இரண்டு விநாடிகள்

என் அக்கா பதினேழு வருடங்களாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அந்த நீராவியில்தான் என் படிப்பு வெந்து முடிந்தது. எங்கள் ஊரில், எங்கள் வம்சத்தில், பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. சான்றிதழை லேமினேட் செய்து சுவரில் மாட்டியவள் அவள். "தம்பி எழுதினா தப்பு வராது" என்பாள். அவளுக்கு வந்த கேடு அந்த நம்பிக்கையால் வந்தது.

அக்கா பாடுவாள். எல்லாம் தானே கட்டிய பாட்டுகள். யாரிடமும் கற்றதில்லை. சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே எழும்பிப் பழகிய குரல். எட்டு வருடம் ஒரு டைல்ஸ் கடைக்காரருக்கு மனைவியாக இருந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் பாட ஆரம்பித்தால் கூடத்திலிருந்து சத்தம் வரும்: "போதும்டி, நிறுத்து."

அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை. அந்த இரண்டு வார்த்தைகள்தான். பிரிவதற்குக் காரணம் கேட்ட வக்கீலிடம் அக்கா அதைச் சொன்னபோது, அவர் பேனாவை மூடிவிட்டு, "வேற ஏதாவது இருக்காம்மா?" என்றார்.

பிரிந்த பிறகு ஒரு பாட்டு கட்டினாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பாடும் ஒருத்தியைப் பற்றியது. அவள் போட நினைத்த ஆல்பத்தில் பத்துப் பாட்டுகள். அது ஏழாவது.

ஆல்பம் போட யாரும் முன்வரவில்லை. ஒரு கம்பெனிக்காரர் பாட்டைக் கேட்காமலே வயதைக் கேட்டார். நாற்பத்து மூன்று என்றதும் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அப்போதுதான் இந்தக் கூட்டுநிதி யோசனையை நான் சொன்னேன். இணையத்தில் ஒரு பக்கம் போட வேண்டும். பிடித்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தருவார்கள். முப்பது நாளில் இலக்கைத் தொட்டால் பணம் நமக்கு. தொடாவிட்டால் எல்லாம் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும்.

பக்கத்தை நான் எழுதினேன். கொடுப்பவர்களுக்குத் தொகைக்கேற்ற பரிசு உண்டு. பாட்டு முன்கூட்டியே வரும், கையெழுத்துப் போட்ட குறுந்தகடு வரும். உச்சத்தில், ஒரே ஒருவருக்காக, நான் ஒரு வரி சேர்த்தேன்: 'நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாட்டில் உங்கள் குரலும் ஒலிக்கும்.'

"இது எதுக்குடா? எவனாவது வந்து கத்தித் தொலைச்சா?"

"அவ்ளோ காசு குடுத்து எவன்க்கா கத்த வருவான்? சும்மா ஒரு கவர்ச்சிக்கு."

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணிக்குக் கெடு. தொண்ணூற்றொரு சதவீதத்தில் முள் நகர மறுத்தது. நாலரை மணிக்கு யாரோ அந்த உச்சப் பரிசை எடுத்தார்கள். நூறைத் தாண்டிவிட்டது. நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். என் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, "யாருடா அந்தப் புண்ணியவான்?" என்றாள்.

பெயரைப் படித்தேன். அந்த டைல்ஸ் கடைக்காரர். கீழே ஒரு குறிப்பும் இருந்தது: 'ஏழாவது பாட்டு. வாழ்த்துகள்.'

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "திருப்பிக் குடுத்துடு."

"குடுத்தா இலக்கு விழுந்துடும்க்கா. முந்நூறு பேர் காசும் போயிடும். ஆல்பமே கிடையாது."

"அந்த வரி நீ எழுதினதுதானே?"

"நான்தான்."

"தப்பு வராதுன்னு நெனச்சேன்." மீண்டும் தேய்க்க ஆரம்பித்தாள்.

பதிவுக்கூடத்துக்கு டைல்ஸ்காரர் புதுச் சட்டையில் வந்தார். கூடவே இரண்டாவது மனைவி, கையில் அவருடைய தண்ணீர் பாட்டில். என்னைப் பார்த்ததும், "என்ன மச்சான், பட்டம் வாங்கியும் அக்காவுக்குப் பெட்டி தூக்குறதுதான் உத்தியோகமா?" என்றார். அக்காவிடம், "பாத்தியா, கடைசியில என் காசுலதான் உனக்குப் பாட்டு."

அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒலிப்பதிவாளர் அருகில் உட்கார்ந்தாள். டைல்ஸ்காரர் பாட வேண்டியது இரண்டே வரிகள்.

"சுருதி சேரல. மறுபடியும்."

பாடினார்.

"சேரல. மறுபடியும்."

பதினெட்டு முறை. வேறொரு சொல் அவள் சொல்லவில்லை. புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பார்க்கச் சகிக்காமல், உள்ளே பக்கத்தில் நின்ற அவர் மனைவி அவருக்கு உதவியாக மெட்டை மெதுவாக முனகிக் காட்டினாள். சுருதி அச்சாகச் சேர்ந்தது. அவர் திரும்பினார்.

"போதும்டி, நிறுத்து."

அக்காவின் வலது கை இடுப்பில் போய்த் தேய்ந்தது, ஈரத்தைத் துடைப்பதுபோல. பிறகு கேட்டாள்: "இது பதிவாச்சா?"

"ஆச்சு மேடம். அழிச்சிடறேன்."

"வேண்டாம். பாட்டு முடிஞ்சதும் இதை வை. இசை வேண்டாம், வெறும் குரல் மட்டும்."

ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பால் நின்றவரைப் பார்த்தார்.

"குரல் ஒலிக்கும்னுதானே எழுதியிருக்கு? என் தம்பி எழுதினது."

நான் சிரித்தேன். அந்த அறையில் சிரித்தவன் நான் ஒருவன்தான்.

ஊர் முழுக்க அவர் மானம் போகும் என்று கணக்குப் போட்டோம். ஆல்பம் வந்த மூன்றாவது வாரம், யாரோ அந்த இரண்டு விநாடிகளை மட்டும் வெட்டி, ஊளையிடும் ஒரு நாயின் வீடியோவில் ஒட்டினார்கள். அப்புறம் அழுகிற குழந்தைக்கு, மேடையில் பேசுகிற தலைவருக்கு, கோபிக்கிற மாமியாருக்கு. மற்ற ஒன்பது பாட்டுகளைக் கேட்க நாதியில்லை. டைல்ஸ்காரர் வெட்கப்படவுமில்லை. அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டு, கடைக்கு வருகிறவர்களிடம், "ஹிட்டானதே நம்மளாலதான்" என்கிறாராம்.

ஒரு மத்தியானம் அவருடைய மனைவி போன் செய்தாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அது என்னைச் சொன்னது."

"தெரியும்மா."

"வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டுக் காட்டுறாரு. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க. அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் வெச்சீங்களா?"

"ஆமா" என்றாள் அக்கா. அந்தப் பெண் பேசிய நேரமெல்லாம் அவளுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"எடுத்துடுடா அதை" என்றாள் அக்கா, போனை வைத்ததும்.

"எடுத்தா யாருக்கா உன் பாட்டைக் கேப்பாங்க?" என்றேன். ஒரு அரங்கத்திலிருந்து அப்போதுதான் கச்சேரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அவள் வாழ்க்கையில் முதல் முறையாக.

இருநூறு பேர் வந்திருந்தார்கள். முதல் ஆறு பாட்டுகள் வரை அவரவர் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ஏழாவதைத் தொடங்கியதும் போன்கள் உயர்ந்தன. பாட்டு முடிந்தது. பிறகு இருநூறு தொண்டைகள் ஒன்றாக:

"போதும்டி, நிறுத்து!"

அக்காவின் வலது கை இடுப்பில் போய்த் தேய்ந்தது. கையில் ஈரமில்லை.

பட்டியலில் இன்னும் மூன்று பாட்டுகள் இருந்தன. அவள் மைக்கை அதன் தண்டில் செருகிவிட்டு, மேடையை விட்டு இறங்கி நடந்தாள். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து, அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.