கிளட்சின் மேல் ஒரு கால்

அந்த மஞ்சள் துணி இரும்புத் தண்டின் மேல் சுற்றுக்கு மேல் சுற்றாக, இடைவெளியே இல்லாமல், நூல்கண்டில் நூல் ஏறியிருப்பதைப்போல இறுகிக் கிடந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுவதற்கு முன்னால் அது என் அத்தானின் இடுப்பில் வேட்டியாக இருந்தது. துணியைப் பார்த்த பிறகும் அவரைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அக்காளைக் கேட்டால் அது ஞாயிற்றுக்கிழமை என்பாள். இல்லை, சனிக்கிழமை. ஞாயிறு பூக்குழி. கோவிட் நேரத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலமெல்லாம் முடிந்து, மலாக்காவில் செலண்டாருக்கு உள்ளே இருக்கும் எங்கள் எஸ்டேட் அம்மன் கோயிலில் திருவிழா மறுபடி நடந்த முதல் வருடம். எஸ்டேட் சம்பந்தமான எதையும் நாள் கிழமை பார்த்துக் குறித்துவைப்பது எனக்குப் பழக்கம். அந்தச் சனிக்கிழமையைக் குறித்துவைக்கத் தேவைப்படவில்லை.

அத்தான் என்றது அக்காளின் கணவரை. எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியே வயதானவர். டிராக்டரின் பின்பக்கத்தில் ஒரு முனை சுழலும். அந்தச் சுழற்சியைப் புல் வெட்டும் மெஷினுக்குக் கொண்டுபோகும் தண்டைத்தான் ஷாஃப்ட் என்பார்கள். அதை மாட்டுவதில் அவருக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. சமதரையில் நிறுத்தி மெஷினைத் தரையில் இறக்குவார். எஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். முனையின் பற்களைத் துடைத்து கிரீஸ் தடவுவார். பூட்டுப் பின்னை அழுத்தித் தண்டைத் தள்ளி, டக்கென்று பூட்டு விழும் சத்தத்தைக் கேட்டபிறகும் நம்பாமல், இரண்டு கையாலும் வெளியே இழுத்துப் பார்ப்பார். கடைசியாக, தண்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவர் கூடச் சேர்ந்து சுற்றாதபடி அதன் சங்கிலியை டிராக்டரில் கொக்கி போடுவார். சாப்பாடு எடுத்துப் போகும் அக்காள் அலுத்துக்கொண்டால், "இது உன்னை மாதிரி கோவிச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறது இல்ல. புடிச்சா விடாது, எலும்பு வரைக்கும் கேக்கும்" என்பார். அவள் பதிலுக்கு, "அதையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாள்.

திருவிழா நின்றுபோன காலத்தில் கோயில் திடல் லாலான் புல்லால் மூடிப்போயிருந்தது. இடுப்புயரம். உள்ளே பாம்பு கிடந்தாலும் தெரியாது. எஸ்டேட்டில் இப்போது நம்மவர்கள் சில குடும்பங்கள்தான். மற்றவர்களெல்லாம் டவுனில் வீடு வாங்கிப் போய், திருவிழாவுக்கு மட்டும் காரில் வருகிறவர்கள். கோயில் தலைவர் ஒரு குத்தகைக்காரரிடம் பழைய டிராக்டரையும் மெஷினையும் இரவல் வாங்கி வந்தார். ஷாஃப்டுக்குக் கவர் இல்லை. சுழலும் முனையை நிறுத்துவதற்கென்று இருக்கும் நெம்புகோல் நழுவுகிறது என்று, முனை எப்போதும் சுழலும்படி அதைக் கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள். பாட்டரியும் செத்திருந்தது. தலைவரின் காரிலிருந்து வயர் போட்டுத்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள்.

அத்தான் அந்த வருடம் காப்புக் கட்டியிருந்தார். கோவிட் வந்து அக்காள் மலாக்கா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறியபோது, அவள் வீடு திரும்பினால் பூக்குழி இறங்குகிறேன் என்று வேண்டிக்கொண்டவர். காப்புக் கட்டினவர்கள் மஞ்சள் வேட்டிதான் கட்ட வேண்டும். காலில் செருப்பு கூடாது. அவர் ஷாஃப்டைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தலைவரைப் பார்த்தார்.

"எஞ்சின ஆஃப் பண்ணுங்க. மாட்டிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்."

"ஆஃப் பண்ணா அவ்வளவுதான் டிரைவரே. பாட்டரி கோசோங் லா. என் காரும் அடுத்த தடவைக்குத் தாங்காது."

"கவரும் இல்ல. வேட்டியோட இதுகிட்ட எப்படி நிக்கிறது?"

"அம்மா வேலை. அவளுக்குத் தெரியாதா?"

அத்தான் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். சுற்றிலும் நின்ற எல்லாரும் மஞ்சள் உடுத்தியிருந்தார்கள், எல்லாருக்கும் அவசரம். அப்போது அவர் பார்வை பந்தலடியில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்த அக்காளிடம் போனது. மெலிந்திருந்தாலும் உயிரோடு இருந்தாள். அந்தப் பார்வைதான் அவரைச் சரி சொல்ல வைத்தது என்று நான் நினைக்கிறேன். விவரம் தெரியாத மனிதராக இருந்தால் எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. எல்லாம் தெரிந்தவர், நன்றிக் கடனில் ஒரு தடவை இளகிவிட்டார்.

கிளட்சை மிதித்துப் பிடித்திருந்தால் முனை சுழலாது. அதற்கு ஆள் வேண்டுமென்று கடலோரத்து உம்பாயில் மீன் லோரி ஓட்டும் ஒரு பையன் ஏறி உட்கார்ந்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்த இளைஞன். எங்களுக்கெல்லாம் அவன் லோரித்தம்பி. அவனும் காப்புக் கட்டியவன், வெறுங்கால். பனி ஈரம் காயாத லாலானில் நடந்து வந்திருந்தான்.

"அழுத்திப் புடி தம்பி. நான் வெளிய வந்து சொல்ற வரைக்கும் விடாத."

"லோரிக்காரன்கிட்டயே கிளட்ச் பாடமா அண்ணே?"

அத்தான் சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். தண்டு உள்ளே போனது. டக்கென்று பூட்டு விழுந்தது. வழக்கம்போல இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அந்த இழுப்பில் மடிப்பு அவிழ்ந்து வேட்டியின் நுனி தண்டின் மேல் விழுந்தது. அதே நேரத்தில், தேய்ந்து வழவழத்துப்போன மிதியிலிருந்து ஈரக்கால் வழுக்கியது.

அவர் அலறவில்லை. அதை என் காதில் இன்றும் தேடிப் பார்க்கிறேன், இல்லை. துணி கிழியும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் இடுப்பு ஷாஃப்டை நோக்கி வளைந்தது. பிறகு ஏதோ ஒன்று அவரை வேண்டாம் என்று எறிந்ததுபோல மெஷினுக்கு அப்பால் புல்லில் போய் விழுந்தார். பலமுறை துவைத்து நைந்த வேட்டி. புதுத்துணியாக இருந்திருந்தால் அது கிழிந்திருக்காது, அவர்தான் கிழிந்திருப்பார். உள்ளே போட்டிருந்த அரைக்கால் சட்டையோடு எழுந்து உட்கார்ந்தார். இடுப்பைச் சுற்றி, சூடு போட்டதைப்போல ஒரு சிவந்த வரி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை. பூசாரி ஓடிவந்து விபூதி பூசினார். "அம்மா காப்பாத்திட்டா" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் முழுவதும் அதையே சொன்னது. "என்ன டிரைவரே, வேட்டிய அம்மாவுக்கே குடுத்துட்டீங்க?" என்று ஒருவர் கேட்டார், நாலைந்து பேர் சிரித்தார்கள். நடுக்கம் தணிய வரும் சிரிப்பு அது என்று இப்போது நினைக்கிறேன், அன்று நினைக்கவில்லை. பூ விற்கும் அம்மாள் சுழற்சி நின்றிருந்த ஷாஃப்டின் அருகே குனிந்து, சுற்றியிருந்த மஞ்சள் துணியில் ஒரு துண்டைக் கிழித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உடனே இன்னொருத்தி, பிறகு வளையல் போட்ட இரண்டு கைகள். யாரோ குழந்தையின் கையில் கட்ட வேண்டுமென்று நீளமாக ஒன்று கேட்டார்கள். ஒருவர் பேனாக்கத்தியால் முடிச்சை அறுக்கத் தொடங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தான் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். அவர் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. லோரித்தம்பி இருக்கையிலேயே இருந்தான். கிளட்சை மறுபடி அடிவரைக்கும் மிதித்திருந்தான், அந்தத் தொடை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவு பேருடைய விரல்களும் அந்த ஓர் ஈரக்காலை நம்பித்தான் தண்டின் மேல் இருந்தன. வாயைத் திறந்தால் கால் விட்டுவிடும் என்று பயந்து அவன் கத்தக்கூட இல்லை.

அத்தான் ஓடவில்லை. பையன் மிரண்டுவிடக் கூடாதென்று மெல்ல நடந்து முன்பக்கமாகப் போய், எஞ்சினை நிறுத்தும் குமிழைப் பிடித்து இழுத்தார். சத்தம் நின்றது. அப்போதுதான் பந்தலில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் கேட்டது.

"என்ன டிரைவரே இது? இனிமே எப்படிக் கிளப்புறது?" என்றார் தலைவர். "நாளைக்குப் பூக்குழி. யாருக்காகக் காப்புக் கட்டினீங்க, மறந்துட்டீங்களா?"

அத்தான் அவரிடம் திரும்பவே இல்லை. "போதும் தம்பி. கால எடு" என்றார். பையன் தலையை ஆட்டினான். கால் வரவில்லை. அத்தான் குனிந்து அந்தக் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, மிதியிலிருந்து தூக்கிக் கீழே வைத்தார்.

தலைவருக்குப் பதில் சொன்னது அக்காள். "எனக்காகத்தான் கட்டினாரு. நான் இங்கதான நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கொட்டகையிலிருந்து ஒரு பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு லாலானுக்குள் இறங்கினாள். பிறகு நான். பிறகு பூக்கார அம்மாள். சாயங்காலத்துக்குள் திடலின் பாதி கையாலேயே வெட்டுப்பட்டது, அதுவே போதுமானதாக இருந்தது. அத்தான் ஷாஃப்டைக் கழற்றிக் கொண்டுபோய் வீட்டில் வைத்துக்கொண்டார். கவரோடு வந்தால்தான் தருவேன் என்றார். குத்தகைக்காரர் திட்டிக்கொண்டே கவர் வாங்கி வந்தார். இடுப்புக் காயத்தோடு அத்தான் பூக்குழி இறங்கவில்லை. அது குற்றமென்று பேசியவர்கள் உண்டு.

அத்தான் இப்போது ஓய்வில், டவுனில் மகன் வீட்டில் இருக்கிறார். அந்த வரி மங்கிவிட்டது. திடலின் புல்லை இளைஞர்கள் தோளில் மாட்டும் மெஷினால் வெட்டுகிறார்கள். வேட்டியை இழுத்த தண்டின் கதை அம்மனின் அற்புதமாகத் திருவிழா மேடையில் ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது. லோரித்தம்பியின் பெயர் அதில் வருவதில்லை.

அண்மையில் உம்பாயில் சாப்பிடப் போனபோது அவனைப் பார்த்தேன். பெண் குழந்தையைத் தோளில் வைத்திருந்தான். இன்னும் லோரிதான், ஆனால் ஆட்டோ கியர் வண்டியாகக் கேட்டு வாங்கியிருக்கிறான். கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை.

"இப்ப பரவாயில்லையாப்பா?" என்றேன்.

"பரவாயில்ல அக்கா. கால் சும்மாதான் இருக்கு" என்றான். பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான். "ஆனா வீட்டுக்குப் போய் எறங்குறப்பதான் தெரியும், அது வழியெல்லாம் தரைய அமுத்திக்கிட்டே வந்திருக்கும்."