உட்காராத சிப்பாய்கள்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் உண்டு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு, கம்ப்யூட்டரில், பழங்காலப் போர் விளையாட்டு செய்கிறான். பாண்டியர் படை கடல்போல வந்ததாகப் பழைய பாட்டில் இருக்கிறதாம். கம்பெனிக்கு அந்தக் கடல் வேண்டும். இவனோ, “அம்புட்டுப் பேரும் யானையும் இந்தப் பொட்டல்ல தண்ணிக்கு எங்கம்மா போவாக?” என்பான். ஆள் கூடினால் விளையாட்டும் திக்கி நின்றுவிடும். ஒருநாள், அன்று சாயங்காலத்துக்குள் ஓடவைத்து அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

மத்தியானம், ஒரு கண்மாய்த் தண்ணீர் தாங்குகிற அளவுக்குப் படையைக் குறைத்தான். அப்படியும் திக்கியது. காபி கொண்டுபோன நான் எட்டிப் பார்த்தேன். சண்டை முடிந்து படை தரையில் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பேர் மட்டும் நம்மைப் பார்த்து நின்றார்கள்.

“இவுக ஏன்லே உக்காரல?”

“நான் அழிச்ச ஆளுகம்மா. கணக்குலயே இல்ல. எத்தன தடவ அழிச்சாலும் வந்து நிக்காக. உன்ன மாதிரியே பிடிவாதம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டாசுக் கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது, வெடிச்சத்தம் கேட்டால் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு ஓடி நிற்க வேண்டும். ஃபோர்மேன் எண்ணிக்கொண்டே வருவார். எண்ணின ஆள் உட்காரலாம். ஒரு அறைக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். சீசனில் கூடுதலாக ஆள் வைப்பார்கள். அவர்களை எண்ண மாட்டார்கள். அவர்கள் கடைசிவரை நின்றுகொண்டே இருப்பார்கள். என் கூட்டாளி ஒருத்தி அப்படித்தான், இடுப்பில் கைவைத்து, ஒரு காலைச் சாய்த்து நிற்பாள். அவள் இருந்த அறை வெடித்து அவள் போன அன்றும், உள்ளே இருந்தது நாலு பேர் என்றே சொன்னார்கள்.

திரையில் ஒரு சிப்பாய் அதேபோல் நின்றான்.

“எண்ணியாச்சு தாயி, உக்காருங்க” என்றேன், வாய்க்குள்ளேயே.

உட்கார்ந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக.

“எம்மா, ஓடுது!” என்றான் மகன். அப்புறம் முகம் மாறியது. “நான் வச்சதவிட ஆளு கூட காட்டுதே.” அழிக்கப் போனான்.

“வேண்டாம்லே. வந்தவுகதான்.”

என்னை ஒரு மாதிரி பார்த்தான். அப்படியே அனுப்பினான். கம்பெனி ஏற்றுக்கொண்டது.

அந்தக் காலத்துப் படையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும்.