இன்னொரு காலுறை

பாலிங் நகரப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக்கடையில் பாலில்லாமல் ஐஸ் போட்ட தேநீர், தே ஓ ஐஸ், குடித்துக்கொண்டிருக்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. பக்கத்து மேசையில் ஐம்பது வயதுக்கார அம்மா ஒருவர் தடித்த கம்பளி நூலில் காலுறை பின்னுகிறார். இந்த வெயிலிலா! என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"குளிர் நாட்டுக்கு யாரும் போறாங்களாக்கா?"

"இல்ல தம்பி, வீட்டுக்காரருக்கு." அடுத்த கடைவீட்டு டயாலிசிஸ் நிலையத்தைக் காட்டுகிறார். "உள்ள ஏர்கோன் வேற. ரத்தம் வெளிய போய்ச் சுத்தி வர்றப்ப உடம்பே நடுங்குதாம். தொப்பி பின்னிக் குடுத்தேன். ஒரு காலுக்கு இது மாதிரி போட்டுவிட்டேன். இன்னொரு கால இனிப்புநீர் வியாதியில வெட்டி எடுத்துட்டாங்க."

"அப்ப இது எந்தக் காலுக்கு?"

"எடுத்த கால்தான் ரொம்பக் குளிருதுன்னு அழுவுறாரு. அப்படித்தான் இருக்கும்லான்னு டாக்டர் சொல்லிட்டாரு. சரி, அதுக்கும் பின்னுறேன்னு சொல்லி வச்சிருக்கேன். முடியப் போறப்பல்லாம் பிரிச்சிடுவேன். முடிச்சிட்டா எதுல தம்பி மாட்டுறது?"

கண்ணாடிக் கதவு திறக்கிறது. தாதி ஒருத்தி சக்கர நாற்காலியைத் தள்ளி வருகிறாள். கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் மனிதரின் நீளச் சிலுவாரில் ஒரு கால் முழங்காலோடு மடித்து ஊக்கு குத்தியிருக்கிறது. மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்கிறது.

"இன்னொன்னு ஆயிருச்சா?"

"இன்னும் கொஞ்சந்தாங்க."

காலுறையை மடிக்கு இறக்கி, மேசைக்கு அடியில் நூலை உருவத் தொடங்குகிறார்.